ஐந்து ஏசி வீடு

6 பிப்ரவரி 2024, செவ்வாய்

பால் இரண்டு பாக்கெட். கீரை வாங்கவில்லை, முற்றல். பிளான்ட்டிலிருந்து இவருக்குக் காகிதம் வந்துவிட்டது. மே 31-ஆம் தேதி ஓய்வு. அதற்குப் பிறகு கைலாசபுரத்துக் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட வேண்டும். இருபத்தெட்டு வருடம் வெள்ளையடித்து, ஒட்டடை அடித்து, ஒரு ஆணிகூட அனுமதி இல்லாமல் அடிக்காமல் வைத்திருந்த வீடு. நம்முடையது இல்லை என்று தெரிந்தேதான் துடைத்தேன். இருந்தாலும் காகிதத்தை இரண்டு முறை படித்தேன்.

"வீடு பாக்கணும் டோரதி," என்றார். எனக்குத் தெரியாதா?

11 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து ஓரகத்தி ஜெஸ்லின் வீட்டில் சாப்பாடு. கே.கே. நகரில் புது பிளாட். இவருடைய தம்பி பிரிட்டோ சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஏசி ரிப்பேருக்குப் போன காலத்தில் அவர்களுக்கு நான்தான் குழம்பு கொடுத்தனுப்புவேன். இப்போது கடை, நான்கு ஆள், வேன். மூன்று அறையிலும் மூன்று ஏசி. சத்தமே இல்லை. இருக்கிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாப்பிட்டதும் இவர் அவர்கள் சோபாவில் சாய்ந்தார். முப்பத்து நாலு வருடம் வெல்டிங் ஷாப்பில் வெந்த உடம்பு. மூன்று மணிநேரம் அசையவில்லை. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "சொர்க்கம்மா ஜெஸ்லின், சொர்க்கம்."

என் வீட்டில் என் கையால் சாப்பிட்டு இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை வந்ததில்லை.

ஜெஸ்லின் சிரித்தாள். "நீங்களும் கொஞ்ச நேரம் படுங்க அக்கா." பாத்திரம் கழுவுகிறேன் என்று அடுப்படியிலேயே நின்றேன். அங்கே ஏசி இல்லை.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

கோயில் வாசலில் நெற்றியில் சாம்பலோடு ஜெஸ்லின். "இந்தத் தவக்காலத்துக்கு நான் கறியும் சீரியலும் விட்டுட்டேன் அக்கா. நீங்க என்ன விடுறீங்க?"

கறி விடுவதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பினேன். அவள் அதைச் சொல்லிவிட்டாளே. வாயில் வந்தது: "குளிர்ச்சி."

"என்னது?"

"பிரிட்ஜ் தண்ணி, ஐஸ், ஏசி. ஒண்ணும் கிடையாது. ஈஸ்டர் வரைக்கும்."

எங்கள் வீட்டில் ஏசியே இல்லை. இல்லாததை விட்டுவிட்டேன் என்பது ஒறுத்தலில் சேருமா, ஆண்டவரே? ஆனால் அவள் முகம் ஒரு நொடி சிறுத்தது. அதற்காகத்தான் விட்டேன் என்று இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது. கிராப்பட்டியில், கோயிலுக்கு ஐந்து நிமிட நடை. உரிமையாளர் சக்ரபாணி சார், ஓய்வுபெற்ற புரொபசர். பெருமாளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று அவரும் மரகதவல்லி மாமியும் ஸ்ரீரங்கத்துக்கே குடிபோகிறார்கள். தரை கண்ணாடி மாதிரி. மேலே சோலார் வெந்நீர்த் தொட்டி. இரண்டு கீசர். அப்புறம் — ஏசி. ஐந்து.

ஹாலில் ஒன்று, படுக்கையறை மூன்றிலும் ஒவ்வொன்று, பூசை அறையை ஒட்டிய சின்ன அறையில் ஒன்று. ஐந்துக்கும் மாமி கையால் தைத்த துணி உறை, ஓரத்தில் லேஸ், பின்பக்கம் நாடா. நானும் மிக்ஸிக்கும் ரேடியோவுக்கும் உறை தைப்பவள்தான். ஒரு தையல் கோணவில்லை. இப்படி உறை போடுகிறவள் வீட்டில் மிஷின் எப்படிக் கெட்டுப்போகும்?

"போட்டுக் காட்டட்டுமா?" என்று சார் ரிமோட்டை எடுத்தார்.

"வேண்டாங்க சார். எங்களுக்குத் தவக்காலம். குளிர்ச்சி ஒறுத்தல்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க ஏகாதசிக்குப் பட்டினி கிடப்போம். நீங்க காத்தையே விட்டுட்டேளா? பேஷ்!"

"ஒறுத்தல் உனக்குத்தானே. நான் நின்னு பாக்குறேனே," என்று இவர் மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்கு ஒரே ஒறுத்தல்தான்," என்றேன். சார் ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டார்.

வீட்டு விலைக்கு மேல் ஏசி, ஹீட்டர் எல்லாவற்றுக்குமாக மூன்று லட்சம் கேட்கிறார். புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். லாபம்.

ஐந்து. அவளுக்கு மூன்று.

27 பிப்ரவரி, செவ்வாய்

இன்று ஒரு பாவம். இவர் காலையில், "பிரிட்டோவை ஒரு தடவை கூட்டிட்டுப் போயி மிஷினைப் பாக்கச் சொல்லலாம்," என்றார். அவன் பார்த்தால் அன்று சாயங்காலமே அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அவள் கண் அதில் படக் கூடாது.

"தம்பிகிட்ட கேட்டுட்டேன். பாத்துட்டானாம். எல்லாம் நல்லாருக்காம். வெளிய சொல்ல வேணாம்னேன்."

இவ்வளவு சரளமாக என் வாயில் பொய் வந்ததில்லை. இவர் தலையாட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். தம்பி பெயர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, இவருக்கு.

1 மார்ச், வெள்ளி

முன்பணம் கொடுத்தாயிற்று. மாலை ஜெஸ்லின் போன்.

"அக்கா, கிராப்பட்டியில புரொபசர் வீட்டையா முடிச்சிருக்கீங்க?"

"யாரு சொன்னா?"

"அந்த மாமிதான் கடைக்குப் போன் பண்ணாங்க. அக்கா, ஒரு விஷயம். அந்த வீட்டு ஏசி இருக்குல்ல—"

"உனக்கெதுக்கும்மா எங்க வீட்டுக் கவலை? சிலுவைப்பாதைக்கு நேரமாச்சு." வைத்துவிட்டேன்.

வயிறு எரிகிறது அவளுக்கு! ஐந்து என்று தெரிந்துவிட்டது. வாடகைக்கு விட ஒரு வீடு அவர்களும் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். சிலுவைப்பாதையில் மூன்றாம் நிலைவரை சந்தோஷமாகவே இருந்தேன். எந்த நிலையில் என்ன செபம் சொன்னேன் என்று நினைவில்லை.

10 மார்ச், ஞாயிறு

ஜெஸ்லின் வீட்டுக்குப் போகவில்லை. ஏசி வீட்டில் உட்கார முடியாது, ஒறுத்தல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அண்ணனும் தம்பியும் சந்தித்தால் என் பொய் கிழியும். இது இரண்டாவது ஞாயிறு.

20 மார்ச், புதன்

நேற்று சூசையப்பர் திருநாள். வீட்டுக்குக் காவலர் அவர்தானே, அன்றைக்கே ஒப்பந்தம் போடலாம் என்றேன். "செவ்வாய்க்கிழமையா? சிவசிவா — நானே சிவசிவாங்கறேன் பாருங்கோ," என்று மாமி வாயைப் பொத்திக்கொண்டார். அதனால் இன்று.

எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் இவர் கையெழுத்துப் போடும் காகிதத்தையெல்லாம் நானும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தவள். பத்திர எழுத்தர் ரங்கநாதன் எழுதியதில் மேற்கு எல்லையில் அளவு தவறு. சுட்டிக்காட்டினேன். "அம்மா நம்ம ஆபீசுக்கு வேலைக்கு வந்துருங்க," என்றார். இவருக்கு முகமெல்லாம் பெருமை.

"பொருத்தப்பட்டுள்ள இயந்திரங்கள் உள்ளது உள்ளபடி" என்றும் ஒரு வரி இருந்தது. படித்தேன். தாண்டினேன். ஏப்ரல் 15 பதிவு. இவர் சேமிப்பு, என் சீட்டு, நகை, எல்லாம் அன்றோடு போய்ச் சேரும்.

26 மார்ச், செவ்வாய்

பங்குனி உத்திரச் சேர்த்தி சேவைக்கு அங்கே இருக்க வேண்டுமென்று மாமி குடும்பம் ஸ்ரீரங்கம் போய்விட்டது. ஜன்னல் திரைக்கு அளவெடுக்கச் சாவி கொடுத்திருக்கிறார்கள். ஈஸ்டர் முடிந்ததும் இவர் வந்து பார்க்கும்போது எல்லா அறையும் சில்லென்று இருக்க வேண்டும், சர்வீஸ் செய்து வைப்போம் என்று பொன்மலைப்பட்டியிலிருந்து பெனடிக்ட் என்ற மெக்கானிக்கை வரவழைத்தேன். பிரிட்டோ ஆள் இல்லை. விசாரித்துத்தான் கூப்பிட்டேன்.

உறையைக் கழற்றினார். மஞ்சள். பழைய பல்மாதிரி மஞ்சள். முதலாவதைப் போட்டால் உறுமியது, காற்று வந்தது, குளிரவில்லை. இரண்டாவதில் உள்ளே போர்டு எரிந்துபோயிருக்கிறது. மூன்றாவதில் செம்புக் குழாய் சுவருக்குள்ளேயே ஒழுகுகிறது. சின்ன அறையிலிருந்தது பட்டென்று ஒரு சத்தத்தோடு சரி. ஹாலில் இருப்பது மட்டும் ஓடுகிறது, அதுவும் இருமுகிறது.

"பதினஞ்சு வருசத்துப் பெட்டிங்கம்மா. இதுக்குப் போடுற பழைய கேஸே இப்ப சரியாக் கிடைக்கிறதில்ல. உசுரு குடுக்கிறதுக்கு புதுசே வாங்கிரலாம்."

"ஹீட்டர்?"

மாடிக்குப் போய் வந்தார். "தொட்டி அடி துருப்பிடிச்சுருச்சு, கீசர் ரெண்டும் சூடாகல. வெந்நி வேணும்னா அடுப்பை நம்புங்க."

உட்கார்ந்துவிட்டேன். தரை மட்டும் கண்ணாடி மாதிரி.

ஹால் மிஷின் பக்கவாட்டில் ஒரு சர்வீஸ் அட்டை ஒட்டியிருந்தது. 2012-லிருந்து தேதி. ஏழு எழுதினால் நடுவில் கோடு போடும் கை. இந்தக் கையைத் தெரியாதா எனக்கு? எங்கள் கல்யாணப் பத்திரிகைக்கே விலாசம் எழுதிக் கொடுத்த கை. பிரிட்டோ. கடைசி வரி 2021: "நாலும் மாத்தணும். சாரிடம் சொல்லியாச்சு."

அப்படியானால் அன்று ஜெஸ்லின் போனில் சொல்ல வந்தது இதைத்தான்.

ஐயோ. ஐயோ டோரதி, என்னடி பண்ணி வச்சிருக்க?

27 மார்ச், புதன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொறாமை என்றேன். பொய் என்றேன். யாரிடம், எதற்கு என்று சாமியார் கேட்பார், எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று தொண்டைவரை வைத்திருந்தேன். பின்னால் நீள வரிசை. கேட்கவில்லை. "அஞ்சு அருள்நிறை மரியே சொல்லுங்கம்மா." அவ்வளவுதான்.

ஐந்தா? ஒரு ஏசிக்கு ஒன்றா? ஒரு மனிதனுடைய முப்பத்து நாலு வருட உழைப்பில் கைவைத்திருக்கிறேன். ஐந்து செபத்தில் தீருமா இது? சொன்னேன், தீரவில்லை. செபமாலை முழுக்க ஐம்பத்து மூன்றும் சொன்னேன். அதிலும் தீரவில்லை.

29 மார்ச், பெரிய வெள்ளி

ஒருவேளைக் கஞ்சி. இவருக்கு வியர்க்குரு. முதுகில் பவுடர் போடச் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள்தான். ஜூன்ல மத்தியானம் நம்ம ரூமுல நல்லாத் தூங்கணும்," என்றார். கை பவுடர் டப்பாவோடு நின்றுவிட்டது.

30 மார்ச், சனி

சொல்லிவிட்டேன். பாஸ்கா பூசைக்குக் கிளம்பும் முன், புதுச் சட்டையோடு நின்றவரிடம்.

முதலில் புரியவில்லை. "பிரிட்டோ பாத்தான்னியே?"

"பாக்கலைங்க. நான் அவன்கிட்ட கேக்கவே இல்ல."

கட்டிலில் உட்கார்ந்தார். மிஷினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்று லட்சத்தைக் கேட்கவில்லை. "என் தம்பி பேரைச் சொல்லியா பொய் சொன்ன?" என்றார். அதையே திரும்பவும் சொன்னார்.

"அன்னிக்கு அவ வீட்ல நீங்க சொர்க்கம்னீங்களே. எனக்குத் தாங்கலைங்க."

நிமிர்ந்து பார்த்தார். "கறியத் தின்னுட்டுப் படுத்தா மாட்டுக் கொட்டாகூட சொர்க்கம்தான்டி. அதுக்கா?"

அதற்குத்தான்.

கோயிலுக்குப் போனோம். இவர் ஆண்கள் பக்கம். இருவரும் மெழுகுவர்த்தி பிடித்திருந்தோம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

31 மார்ச், ஈஸ்டர்

பிரியாணி. உப்பு சரியாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

ஒறுத்தல் முடிந்தது என்று பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தேன். பல் கூசிற்று.

படுக்கும் முன் ஒரே பேச்சு: "தம்பி வீட்ல நீயே போயி சொல்லு. நான் வர மாட்டேன்."

1 ஏப்ரல், திங்கள்

ஜெஸ்லின் கடையில் இருந்தாள். கடைக் கணக்கும் சர்வீஸ் ரிஜிஸ்டரும் அவள்தான் எழுதுகிறாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். நான் அவளைச் சீரியல் பார்க்கிறவள் என்றே நினைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன், பிரிட்டோ பெயரில் சொன்ன பொய் உட்பட. "உட்காருங்க" என்று அவள் சொல்லவில்லை. ஒரு பில்லைப் போட்டு முடித்து, சீல் குத்திவிட்டுத்தான் தலை தூக்கினாள்.

"சொல்ல வந்தேன்ல அக்கா. போனை வச்சீங்க."

"வச்சேன்."

"இவரு உங்க வீட்டுக்கே கிளம்பினாரு சொல்றதுக்கு. நான்தான் நிறுத்தினேன். நம்ம பேச்சு அவங்களுக்கு வயித்தெரிச்சலாத்தான் கேக்கும், பட்டுத் தெரியட்டும்னு சொன்னேன்."

"சரியாத்தான் சொன்னே."

"சரியில்ல அக்கா. பட்டது மாமா காசுல்ல?" என்றாள். மாமா என்று இவரைத்தான் சொன்னாள். உடனே கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "ஆனா குளிர்ச்சிய விட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கே எனக்குத் தெரியும் இது உருப்படாதுன்னு."

சிரிப்பு வந்தது. சிரிக்க எனக்கு உரிமை இல்லை என்று அடக்கினேன். பீரோவிலிருந்து பழைய ரிஜிஸ்டரை எடுத்து, புரொபசர் வீட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு தேதிக்கும் சார் கையெழுத்து. "இதைக் காட்டுங்க. அந்த மாமிகிட்ட முதல்ல பேசுங்க. சார்கிட்ட இல்ல."

3 ஏப்ரல், புதன்

தனியாக ஸ்ரீரங்கம். முதல் முறையாக அங்கே ஒரு வீட்டுக்குள் போகிறேன். கழுத்துச் சிலுவையை உள்ளே தள்ளிக்கொள்ளலாமா என்று வாசலில் ஒரு யோசனை. பிறகு அப்படியே விட்டேன். மாமி, "வாங்கோ வாங்கோ, வெயில்ல வந்திருக்கேளே," என்று மோர் கொடுத்தார்.

"மாமி, அஞ்சுல ஒண்ணுதான் ஓடுது."

"ஒண்ணு ஓடறதா? எது?"

"ஹால்ல இருக்கறது."

"அதுவா! அது எங்ககிட்டயே சண்டித்தனம் பண்ணுமே. மத்த நாலையும் போட்டு மூணு வருஷமாச்சு. நீங்க அன்னிக்குப் போடவே வேண்டாம்னேள். மிஷின்ல இஷ்டமில்லை, வீட்டுக்காகத்தான் வாங்கறேளாக்கும்னு நெனச்சுண்டேன்."

"அதுக்கு மூணு லட்சம் தரோம் மாமி."

மாமியின் கை நின்றது. "எதுக்கு எத்தனை?"

அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. முகத்தில் பார்த்தேன்.

சார் கோயிலிலிருந்து வந்தார், திருமண் காயாத நெற்றி. மாமி அவரை உட்காரக்கூட விடவில்லை. "பெருமாளைச் சேவிச்சுட்டு வந்த வாயாலே சொல்லுங்கோ. அஞ்சும் ஓடறதா?"

"ரொம்ப நன்னா மெயின்டெய்ன் பண்ணின மெஷினாக்கும் அதெல்லாம்…"

"நான் தெச்ச உறையை மெயின்டெய்ன் பண்ணினேள்."

நான் ஜெராக்ஸை நீட்டினேன். 2021-இல் தன் கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பந்தத்தில் உள்ளது உள்ளபடி என்று இருக்கிறதே என்று சொல்லுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். சொன்னால் எனக்குப் பதில் கிடையாது. மாமி பார்த்துக்கொண்டே நின்றதால் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

"மூணு லட்சம் வேண்டாம். பத்திரம் அன்னிக்குக் கழிச்சுண்டு குடுங்கோ," என்றார் கடைசியில்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று போயிற்று. சந்தோஷம்தான். கூடவே இன்னொன்றும். புருஷனை இப்படி நடுக்கூடத்தில் நிற்கவைத்துக் கேட்கிற வாய் எனக்கு இல்லையே என்று மாமியைப் பார்த்தும் ஒரு சின்னப் பொறாமை. என்னை என்ன செய்வது, மாதாவே.

இவரிடம் சொன்னேன். "ம்," என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பஸ்ல உக்காற இடம் கிடைச்சுதா?" என்றார். நான்கு நாளுக்குப் பிறகு என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

15 ஏப்ரல், திங்கள்

பதிவு முடிந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்து பிரிட்டோ. ஏழில் கோடு போட்டு விலாசம் எழுதினான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெளியே போய் டீ குடித்தார்கள். வெகுநேரம் வரவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

20 மே, திங்கள்

பழைய ஐந்தையும் பிரிட்டோ ஆட்கள் இறக்கிப் பழைய இரும்புக்கு எடுத்துப் போனார்கள். சுவரில் ஐந்து வெள்ளைச் சதுரம். எங்கள் அறைக்கு மட்டும் புதிதாக ஒன்று. ஜெஸ்லின் பில் அனுப்பினாள், ஒரு ரூபாய் குறைக்கவில்லை, வரி தனி. எனக்கு அது பிடித்திருந்தது. குறைத்திருந்தால் மறுபடி ஆரம்பித்திருப்பேன்.

2 ஜூன், ஞாயிறு

குடிவந்தோம். சாமியார் வீடு மந்திரித்தார். தீர்த்தம் எல்லா அறையிலும். மாமி ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார்: லேஸ் வைத்த புது உறை, ஒன்றே ஒன்று.

5 ஜூன், புதன்

இவர் மத்தியானம் இரண்டிலிருந்து நாலரை வரை. குறட்டை.

16 ஜூன், ஞாயிறு

ஜெஸ்லின் குடும்பம் சாப்பிட வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு துருப்பிடித்த வெந்நீர்த் தொட்டியை எப்படி இறக்குவது என்று பார்க்க நானும் அவளும் மாடிக்குப் போனோம். பக்கத்து வீட்டு பிரான்சி வீட்டில் ஆட்கள் கயிறு கட்டி ஏசிப் பெட்டிகளை மாடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய பெட்டி. எல்லா அறைக்கும் சேர்த்தாம்.

"எத்தனைக்கா?" என்றாள் ஜெஸ்லின்.

"கீழ இருக்கிறதையும் சேத்து ஏழு."

"ஏழா?" கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "நம்ம கடை வேன் தெருமுனையில நிக்குது, ஒரு வார்த்தை கேக்கல பாருங்க."

"மெட்ராஸ் கடையாம்."

"மேற்கு வெயில்ல கொண்டு போய் வைக்கிறான். ரெண்டு வருசம் தாங்காது."

"ரெண்டா? ஒண்ணரைன்னு சொல்லு."

"அந்தக் கம்பெனிக்கு ஒண்ணரையே ஜாஸ்தி அக்கா."

கீழேயிருந்து இவர் குரல்: "வெயில்ல என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? ரூமு சில்லுன்னு இருக்கு, வாங்க."

"வரோம் மாமா," என்றாள் ஜெஸ்லின், அசையாமல். நான் முந்தானையை இருவர் தலைக்குமாக விரித்துப் போட்டேன். ஏழாவது பெட்டியும் மேலே ஏறும்வரை நாங்கள் இறங்கவில்லை.